அருவிக்கரை ஸ்வெட்டர் தருமம்

"போன சாரலுக்குக் குடுத்த ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு ஒருத்தனாவது நிக்கானா இங்கன? ஒரே ஒருத்தன்?"

வள்ளித்தாய் ஆச்சி கேட்ட கேள்விக்குப் பேரருவிதான் பதில் சொன்னது. அது சொன்னது யாருக்கும் விளங்கவில்லை. கரையில் வரிசையாக நின்ற எண்ணெய் தேய்க்கிறவர்கள் இடுப்பில் ஒரு துண்டும் உடம்பெல்லாம் நல்லெண்ணெயுமாக மினுங்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்வெட்டர் போட்டவன் என்று ஒருவன்கூட இல்லை.

ஆச்சி என்றதும் கிழவி என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பதுகூட ஆகவில்லை. தென்காசியில் நெல் மண்டி வைத்திருக்கும் சிவசைலம் பிள்ளையின் சம்சாரம். அந்தத் தெருவில் மண்டிக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்படும் பெண்ணுக்குக் கழுத்தில் தாலி ஏறின அன்றே ஆச்சிப் பட்டமும் ஏறிவிடும். அதற்கு மேல் ஒரு பட்டம் வேண்டும் என்று யாரும் ஆசைப்பட்டதில்லை. வள்ளித்தாய் ஆசைப்பட்டாள். அதற்காகவே மாதர் கைவேலைச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கி, அதற்குத் தானே தலைவியும் ஆனாள். பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த ஒரு நர்ஸ் ஊசியும் நூலும் கொடுத்து ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனாள். கற்றுக்கொடுத்தவள் மாற்றலாகிப் போய்விட்டாள். கற்றவர்கள் இங்கேயேதான் இருந்தார்கள். ஊருக்குச் சோதனை அப்படித்தான் வந்தது.

தென்காசியில் யாருக்கு ஸ்வெட்டர் வேண்டும்? வெயிலில் வெந்துபோகிற ஊர். யோசித்து யோசித்து, குற்றாலத்தில் சாரலில் நனைந்துகொண்டு வேலை செய்யும் எண்ணெய்க்காரர்கள் அகப்பட்டார்கள். பாவம், வெற்று உடம்போடு நிற்கிறார்களே! வெற்று உடம்போடு நின்றால்தான் அவர்களுக்கு வேலை நடக்கும் என்பதை யாரும் ஆச்சியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அருவிச் சத்தத்தில் கேட்டிருக்காது.

இப்போது பிரச்சினை என்னவென்றால், நேற்று மண்டி போனில் திருநெல்வேலியிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. ஜில்லா மாதர் சங்கத் தலைவி ஞானாம்பிகை அம்மாள் சனிக்கிழமை குற்றாலத்துக்கு வருகிறார். சங்கத்துப் பெண்கள் தங்கள் கையால் செய்து கொடுத்ததை ஏழைகள் உபயோகிப்பதை நேரில் பார்க்க வேண்டுமாம். பார்த்துத் திருப்தியானால் இந்த வருடத்துக் கேடயம் தென்காசிக்கு.

அந்தக் கேடயம் போன வருடம் வீரகேரளம்புதூர்ச் சங்கத்துக்குப் போயிருந்தது. அதன் தலைவி ஆவுடையம்மாள், சிவசைலத்தின் கூடப் பிறந்த அக்காள். அதாவது வள்ளித்தாய்க்கு நாத்தனார். அவர்கள் பனையோலையில் பெட்டி முடைந்து ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். ஓலைப்பெட்டி! எந்த வீட்டில்தான் அது முடையத் தெரியாது? பொங்கலுக்குப் போயிருந்தபோது, சாப்பிட உட்கார்ந்தால் நேரே கண்ணில் படுகிற மாதிரி கேடயத்தைச் சுவரில் மாட்டி வைத்து, "ஏட்டி வள்ளி, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா?" என்று கேட்டாள் ஆவுடையம்மாள். அன்று முதல் வள்ளித்தாய்க்குச் சோறே இறங்கவில்லை என்று சொல்வார்கள். இறங்கியதைப் பார்த்தவர்களும் உண்டு.

"உச்சிமாகாளி! உனக்குக் குடுத்த ஸ்வெட்டர் எங்கலே?"

உச்சிமாகாளி ஒரு மதுரைக்காரரின் முதுகில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தவன் முகம் கறுத்தது.

"வீட்டுல பத்திரமா இருக்கு ஆச்சி. விசேசத்துக்குப் போடலாம்னு..."

"வா, காட்டு."

"இப்பவா? இவருக்குக் கால் பாக்கி இருக்கே ஆச்சி."

"காலு எங்கயும் ஓடிராது. வா."

ஐந்தருவி ரோட்டோரத்துக் குடிசைகளில் அவன் வீடு. வாசலில் அவன் பெண்டாட்டி மாடத்தி எண்ணெய் டின்னை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டின்னின் வாயில் ஏதோ ஒன்றைக் கட்டி, அதன் வழியாக எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆச்சியைக் கண்டதும் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். எண்ணெய் டின்மேல் உட்கார முடியாது.

"அது என்னட்டி?"

"வடிகட்டி ஆச்சி."

"அது ஸ்வெட்டர் கையில்லா?"

"ஆமா ஆச்சி. எண்ணெய்ல கிடக்க கசடெல்லாம் அப்படியே பிடிச்சுக்கிடும். இந்த மாதிரி சாமான் உலகத்துல கிடையாது!" மாடத்தி பாராட்டாகத்தான் சொன்னாள்.

"மிச்ச உடம்பு எங்க?"

மிச்ச உடம்பு குடிசைக்குப் பின்னாலிருந்து தானாகவே வந்தது. அதற்குள் ஒரு ஆடு இருந்தது. முன்னங்கால் இரண்டும் போக வேண்டிய வழியில் போயிருந்தன. கழுத்துப் பட்டையிலிருந்து எட்டிப் பார்த்து, ஆடு ஆச்சியைப் பார்த்து ஒரு முறை கத்தியது.

"சினை ஆடு ஆச்சி," என்றான் உச்சிமாகாளி, தலையைச் சொறிந்துகொண்டு. "சாரல்ல நடுங்குச்சு, பாக்கச் சகிக்கல."

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே விஷயம் விளங்கியிருக்கும். வள்ளித்தாய்க்குக் கண் கலங்கியது. தனக்கில்லாமல் வாயில்லா ஜீவனுக்குக் கொடுத்திருக்கிறார்களே! எவ்வளவு பெரிய மனசு! இவர்களுக்கு ஒரு ஸ்வெட்டர் கொடுத்தது தன் தப்பு. இரண்டாகக் கொடுத்திருக்க வேண்டும்.

"கவலைப்படாத. சனிக்கிழமைக்குள்ள புதுசு பின்னிக் கொண்டாந்திருதேன். நீங்கல்லாரும் போட்டுக்கிட்டு வரிசையா நிக்கணும்."

உச்சிமாகாளியின் முகம் வாடிப்போனது. "நாங்க போன வருசம்தான ஆச்சி வாங்கினோம்? இந்த வருசம் மேல வரிசைக் குடிசைக்காரங்களுக்குக் குடுங்களேன். இசக்கியப்பன் வீட்டுல, அப்புறம்..."

"பாத்தியா, தனக்குன்னு வாரிக்கிடணும்னு நினைப்பே இல்ல!" ஆச்சி கூட வந்திருந்த சங்கத்து நூர்நிஷாவிடம் சொன்னாள். "கூச்சப்படுதான்."

மாடத்தி புருஷன் விலாவில் இடித்தாள். "ஆச்சி ஆசைப்படுதாகல்லா. வாங்கிக்கிடும்," என்றாள். பிறகு ஆச்சியைப் பார்த்து, சின்னப் பிள்ளையிடம் சொல்வதுபோல, "கொண்டாங்க ஆச்சி. நாங்க இருக்கோம்," என்றாள்.

ஏழைகளுக்குக் கூச்சம் அதிகம் என்பது வள்ளித்தாய்க்கு முதல் வருடமே தெரிந்த விஷயம். அன்று சாரலில் நனைந்துகொண்டு, மூட்டையை அவிழ்த்து வைத்து, "கூச்சப்படாம வாங்கிக்கோங்க" என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தாள். ஒருவனும் வரவில்லை. கூச்சம்! கடைசியில் இந்த மாடத்திதான் முன்னால் வந்து, ஒரு ஸ்வெட்டரை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மற்றவர்களைப் பார்த்து ஏதோ சொன்னாள். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக வந்து மூட்டையைக் காலி செய்துவிட்டார்கள். அந்தக் காட்சியை வள்ளித்தாய் இன்றுவரை சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறாள். கேட்காதவர்கள் தென்காசியில் கிடையாது. இரண்டாம் தடவை கேட்காமல் தப்பியவர்களும் கிடையாது.

அன்று சாயங்காலமே மண்டிக்காரர் வீட்டு ஹாலில் சங்கம் கூடியது. திருநெல்வேலிக்குப் போன மண்டிக் கணக்குப்பிள்ளை, கடையில் இருந்ததே இவ்வளவுதான் என்று சிவப்பிலும் கறுப்பிலும் உல்லன் நூலைக் கொண்டுவந்து இறக்கினார். நாள் குறைவு. ஒருத்தியே ஒரு ஸ்வெட்டரை முழுசாகப் பின்னினால் அடுத்த சாரலுக்குத்தான் முடியும். அதனால் வேலையைப் பிரித்துக் கொடுத்தாள் வள்ளித்தாய். தெருவின் கீழ்வரிசை வீட்டுப் பெண்கள் உடம்பு பின்னுவது. மேல்வரிசை வீட்டுப் பெண்கள் கை பின்னுவது.

"கை எம்புட்டு நீளம்க்கா?" என்று கேட்டாள் நூர்நிஷா. பக்கத்துத் தெரு நெசவுக்காரர் அகமது கபீரின் மனைவி. சங்கத்தில் வாயும் வேலையும் ஒரே வேகத்தில் ஓடுகிறவள்.

"ரெண்டரைச் சாண்."

அளவுகோல் எதற்கு, ஆண்டவன் கொடுத்த கை இருக்கும்போது? எல்லாரும் ரெண்டரைச் சாண் பின்னினார்கள். அவரவர் சாண். நூர்நிஷாவின் விரல்கள் தறிக்குப் பாவு ஓட்டி ஓட்டி நீண்டவை; அவள் சாண் விரித்தால் ஒரு தட்டு மூடும். மேல்வரிசை ஜாஹிரா பீவியின் கையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தால் மூடாது. பின்னி முடித்து, உடம்போடு கைகளைச் சேர்த்துத் தைத்துத் தூக்கிப் பிடித்தபோது, ஒரு பக்கம் கை முழங்கைவரை, மறுபக்கம் கை முழங்காலைத் தாண்டி.

இடி விழுந்து மொட்டையாகிப்போன பெரிய கோயில் கோபுரத்தைப் பார்ப்பதுபோல எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

"இதைப் போடணும்னா ஒரு கை மட்டும் வளந்த ஆளாப் பாத்துப் பிடிக்கணும்க்கா," என்றாள் நூர்நிஷா.

"வாயை மூடு. சின்னக் கையை இழுத்து விட்டாச் சரியாப் போகும்."

இழுத்துப் பார்த்தார்கள். விட்டதும் திரும்பப் போய்விட்டது. வள்ளித்தாய்க்கு ஒரு யோசனை வந்தது. அவளுக்கு யோசனை வந்தால் வீட்டில் இருப்பவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொள்வது வழக்கம். ஸ்வெட்டர்களை எல்லாம் நனைத்து, வாசல் பக்கத்துக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டு, சின்னக் கைகளில் மண்டியின் எடைக்கற்களைக் கட்டித் தொங்கவிட்டாள். ஐந்து கிலோக் கல், பத்து கிலோக் கல், கைக்கு ஏற்றபடி.

மறுநாள் காலையில் கைகள் நீண்டிருந்தன. கைகள் மட்டுமா? தோள் நீண்டு, கழுத்து நீண்டு, உடம்பு நீண்டு, தரையில் புரண்டுகொண்டிருந்தன. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு கையும் ஒரே அளவுதான்.

"எடைக்கல்ல எவ எடுத்தா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் சிவசைலம் பிள்ளை. "மண்டியில நெல்லு வந்து கிடக்கு, நிறுக்க முடியாம நான்..." வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வாசல் முழுக்கக் கறுப்பும் சிவப்புமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அது தேர்தல் முடிந்திருந்த வருடம். கறுப்பும் சிவப்பும் சேர்ந்தால் என்ன அர்த்தம் என்பது தெருவில் கோலி விளையாடுகிறவனுக்குக்கூடத் தெரியும். சிவசைலம் மூன்று தலைமுறையாகக் கதர்க் கட்சி. எதிர்வீட்டுக்காரர் பல் குச்சியோடு நின்றபடி, "அண்ணாச்சி, எப்ப மாறினீங்க? ஒரு வார்த்தை சொல்லலியே!" என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை; கடைத்தெரு எதிர்க்கட்சிக் கிளையிலிருந்து இரண்டு பேர் முகமெல்லாம் சிரிப்பாக வந்து, சிவசைலத்தின் தோளில் ஒரு துண்டைப் போர்த்திவிட்டுப் போனார்கள். வேண்டாம் என்று சொல்வதற்குள் ஒருவர் 'வாழ்க' என்றும் சொல்லிவிட்டார்.

"ஏட்டி! வரப்போற அம்மா யாரு?" சிவசைலம் தோளில் கிடந்த துண்டை உருவி எறிந்தார்.

"ஜில்லாத் தலைவி."

"என்ன சேலை கட்டுவாக?"

"கதரு."

"அவுக முன்னால கறுப்பும் சிவப்புமா ஆம்பளைகளை வரிசையா நிப்பாட்டப் போறே. நடத்து. எங்க அக்கா வீட்டு ஆணிய இன்னும் நாலு அடி இறுக்கி அடிக்கச் சொல்லி நானே சொல்லியனுப்புதேன். கேடயம் இந்த வருசமும் அங்கதான் தொங்கும்."

அக்கா வீட்டு ஆணி என்றதும் வள்ளித்தாய்க்குச் சுரீர் என்றது. ஸ்வெட்டர்களைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு நேரே நூர்நிஷா வீட்டுக்கு நடந்தாள். நடையில் பாதி ஸ்வெட்டர் தெருவைப் பெருக்கிக்கொண்டே போனது.

அகமது கபீர் சாயத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கைலிக்கு நூல் சாயம் போடுவதில் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. அது அவருக்கும் தெரியும். அதனால்தான் அதற்கப்புறம் நடந்தது நடந்தது.

"கறுப்புத் தெரியக்கூடாது, சிவப்புந் தெரியக்கூடாது. எல்லாத்தையும் ஒரே நிறமாக்கித் தாங்க. உங்களாலதான் முடியும்," என்றாள் வள்ளித்தாய்.

"இதெல்லாம் ஒரு வேலையாக்கா? நீலத்துல முக்குனா கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துரும்."

"நீளமும் கொஞ்சம் குறைஞ்சாத் தேவலை."

"குறைஞ்சிரும், குறைஞ்சிரும். எந்த நூலா இருந்தாலும் கொதிக்கக் கொதிக்க முக்கணும்க்கா. முக்கி எடுத்துப் பச்சத் தண்ணில போட்டு, கல்லுல நாலு அடி அடிச்சுத் திரும்பவும் கொதில போடணும். எங்க வாப்பா சொல்லிக் குடுத்தது. அப்படிப் போட்ட சாயம், ஆளு போனாலும் போகாது."

சாயம் போகவில்லை. அவர் சொன்னது சத்தியம். கத்திரிக்காய் நிறம் என்றால் கத்திரிக்காய் நிறம்தான். ஆனால் தொட்டியிலிருந்து கடைசியாக வெளியே வந்தவை தரையில் புரண்ட அந்த ஸ்வெட்டர்களாகத் தெரியவில்லை. ஒவ்வொன்றும் ஒரு தலையணை உறை அளவில், கனத்து, விறைத்து நின்றது. வள்ளித்தாய் ஒன்றை எடுத்து விரலால் தட்டினாள். கதவைத் தட்டின மாதிரி கேட்டது.

"என்னது இது?"

கபீர் தாடியைத் தடவினார். "இது நூலு இல்லக்கா. ஆட்டு முடி. முடியைக் கொதிக்க வச்சாச் சுருளத்தான செய்யும்?"

"முன்னாலயே சொல்லுததுக்கு என்ன?"

"முன்னால எனக்கு எங்க தெரியும்? இப்பத்தான தெரிஞ்சுது."

நூர்நிஷா ஒன்றை எடுத்துத் தன் தலையில் வைத்துப் பார்த்து, "குல்லான்னு சொல்லிக் குடுத்துருவோமாக்கா?" என்றாள். வள்ளித்தாய் அவளை முறைத்த முறைப்பில் தொட்டி இன்னொரு கொதி கொதித்திருக்கும்.

விடிந்தால் சனிக்கிழமை.

சனிக்கிழமை காலையில் சாரல் சன்னமாக விழுந்துகொண்டிருந்தது. பேரருவிக்கு எதிரே மண்டபத்தடியில் உச்சிமாகாளியும் ஆட்களும் வந்து நின்றார்கள். மாடத்தி சொல்லிக் கூட்டிவந்திருந்தாள். அவர்கள் நிற்கிற நிற்பைப் பார்த்தால் அம்மை குத்திக்கொள்ள வந்தவர்கள் மாதிரி இருந்தது.

வள்ளித்தாய் மூட்டையை அவிழ்த்தாள். எல்லாரும் உள்ளே இருந்ததைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இழுத்துப் போட்டா ஏறும்லே. போடு," என்றாள் வள்ளித்தாய்.

உச்சிமாகாளி தருமவான். கையைத் தூக்கி நுழைத்தான். தலை போயிற்று. கைகள் முழங்கைவரை போயின. அதற்கு மேல் அவனும் போக முடியவில்லை, அதுவும் வர முடியவில்லை. இரண்டு கையும் வானத்தைப் பார்க்க, முகம் உள்ளேயே மாட்டிக்கொள்ள, கத்திரிக்காய் நிறத்தில் காம்பு மேலாக நட்டு வைத்த மாதிரி நின்றான்.

"ஏ மாடத்தி! மூச்சு முட்டுது!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"எண்ணெய் கொண்டாங்கலே, எண்ணெய்!" என்று மாடத்தி கத்தினாள். ஊரையே எண்ணெய் தேய்த்து வழுக்க வைக்கிறவனுக்கு நாலு பேர் சேர்ந்து எண்ணெய் ஊற்றினார்கள். ஸ்வெட்டர் எண்ணெயைக் குடித்தது. கசடையெல்லாம் பிடித்துக்கொண்டது. ஆளை விடவில்லை.

அந்த நேரம் பார்த்து ரோட்டில் கார் ஹாரன் கேட்டது.

வள்ளித்தாய் உச்சிமாகாளியைத் தூணுக்குப் பின்னால் தள்ளினாள். காரின் முன் கதவு திறந்து, கதர்ச் சேலையில் ஞானாம்பிகை அம்மாள் இறங்கினார். பின் கதவு திறந்தது. ஆவுடையம்மாள் இறங்கினாள். கையில் அந்தக் கேடயம். துடைத்துப் பளபளவென்று, திருப்பிக் கொடுக்கிறவள் மாதிரியும் இருந்தது, திரும்பவும் கொண்டுபோகப் போகிறவள் மாதிரியும் இருந்தது.

"ஏட்டி வள்ளி, எல்லாம் தயாரா?" என்றாள் நாத்தனார். "எங்க உன் ஸ்வெட்டரு?"

கடவுள் இருக்கிறாரோ இல்லையோ, எண்ணெய்க்காரர்களுக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் வேடிக்கை பார்க்க மண்டபத்துத் தூண்களில் தொற்றிக்கொண்டு நின்றார்கள். மாடத்தி ஆச்சியின் முகத்தைப் பார்த்தாள். அழுகிற நிலைமை. மறுபேச்சுப் பேசாமல் கையில் அகப்பட்ட பிள்ளைகளையெல்லாம் இழுத்து, தலைக்கு ஒன்றாக மாட்டிவிட்டாள். அளந்து தைத்த மாதிரி உட்கார்ந்தது.

ஞானாம்பிகை அம்மாள் கிட்டே வந்தபோது, கத்திரிக்காய் நிறத்தில் ஒரு வரிசைப் பிள்ளைகள் நெளிந்துகொண்டு நின்றன. அரிப்புத் தாங்காமல்தான் நெளிந்தன. அது பார்க்க நாட்டியம் மாதிரி இருந்தது.

"அடடா! குழந்தைகளுக்கென்றே பின்னியிருக்கிறீர்களா!" அந்த அம்மாள் ஒரு ஸ்வெட்டரைத் தடவிப் பார்த்தார். "எவ்வளவு கெட்டிப் பின்னல்! மழைத் தண்ணீர்கூட இறங்காது போலிருக்கிறதே!"

"தண்ணி என்னம்மா, காத்தே போகாது," என்றாள் நூர்நிஷா.

"நிறம்கூட எவ்வளவு அடக்கமாக இருக்கிறது! கட்சிக் கலர் மாதிரி கண்ணைக் குத்தாமல்!"

வள்ளித்தாய் அடக்கமாகத் தலை குனிந்தாள். ஆவுடையம்மாளின் முகம் புளி தின்ற மாதிரி ஆனது. அவள் சும்மா இருப்பாளா? சுற்றுமுற்றும் பார்த்து, தூணுக்குப் பின்னால் விரலை நீட்டினாள்.

"அது யாரு, கையைத் தூக்கிக்கிட்டு?"

எல்லாரும் திரும்பினார்கள். தலையில்லாத ஒரு உருவம் எண்ணெய் சொட்டச் சொட்ட, இரண்டு கையையும் மேலே தூக்கி, லேசாக ஆடிக்கொண்டு நின்றது.

"வேண்டுதல் மதினி," என்றாள் வள்ளித்தாய், கண் இமைக்காமல். "குத்தாலநாதருக்கு. முடியுற வரைக்கும் முகங் காட்டக்கூடாதாம்."

ஞானாம்பிகை அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உள்ளிருந்து "மூச்சு..." என்று ஒரு முனகல் வந்தது. "மந்திரம் சொல்லுதான்," என்றாள் நூர்நிஷா.

ஆயிற்று. அதற்கு மேல் ஆவுடையம்மாளுக்குக் கேட்க ஒன்றும் இல்லை. ஞானாம்பிகை அம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, கைவேலை என்பது கையோடு நின்றுவிடாமல் ஏழைகளின் மேனிவரை போக வேண்டும் என்று இரண்டு வார்த்தை பேசினார். பிறகு ஆவுடையம்மாளிடமிருந்து கேடயத்தை வாங்கினார். வாங்கினார் என்று மரியாதைக்குச் சொல்வது. ஆவுடையம்மாளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கேடயம் வள்ளித்தாயின் பக்கம் நீண்டது. வள்ளித்தாய் இரண்டு கைகளாலும் அதன் மறு ஓரத்தைப் பிடித்துவிட்டாள். வீட்டுச் சுவரில் அடிக்க வேண்டிய ஆணி வரை அவள் மனசுக்குள் தெரிந்தது. நாத்தனாரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டும். நேர் எதிரே உட்கார வைக்க வேண்டும். 'இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா மதினி?'

கேடயத்தின் இந்த ஓரத்தை இன்னும் விடாமல், ஞானாம்பிகை அம்மாள் பக்கத்தில் நின்ற மாடத்தியைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். "நீ சொல்லம்மா. ஏழைகளான உங்களுக்கு இந்த அம்மா வருஷா வருஷம் செய்கிற தருமத்தைப் பற்றி உன் வாயால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்."

மாடத்தி விழித்தாள். "எங்களுக்காம்மா?"

அவள் வள்ளித்தாயை ஒரு பார்வை பார்த்தாள். ஆச்சி காதில் விழுந்தால் மனசு சங்கடப்படுமே என்று தயங்கினாள். பிறகு தலைவி அம்மாளின் காதருகே குனிந்து, ரகசியமாகச் சொல்ல வாயைத் திறந்தாள். ஆனால் பேரருவிக்கு முன்னால் ரகசியம் சொல்வதானாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். மண்டபம் முழுக்கக் கேட்டது. நாத்தனாருக்குத் தெளிவாகவே கேட்டது.

"மொத வருசம் ஒரு பயலும் வாங்காம இந்த ஆச்சி மூட்டையும் கையுமா மழைல நின்னுதும்மா, பாக்கச் சகிக்கல, அன்னையிலேர்ந்து கோயில் மண்டகப்படி மாதிரி குடிசை வரிசைக்கு ஒரு வருசம்னு முறை போட்டு நாங்க வாங்கிக்கிட்டு வாரோம், ஏழைபாழைக எங்களால முடிஞ்ச தருமம் அதுதான், ஏம்மா, நீங்களும் ஏதாச்சும் பின்னுதீகளா? கூச்சப்படாம கொண்டாங்க!"